நீலம் பார்த்த டீச்சர்

டீச்சர் கல்மண்டபம் முனையில் திரும்புவது தெரிந்ததுமே எங்கள் அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து சரக்கு அறைக்குள் போய்விடுவார். "ஏல, வந்துட்டாவ பாரு உன் டீச்சர். எனக்கு உள்ள சோலி கெடக்கு" என்பார். உள்ளே ஒரு சோலியும் கிடக்காது. சிலேட்டுக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து அவர் பீடி பிடிப்பது தெரு வரைக்கும் மணக்கும். அகப்பட்டுக்கொள்வது நான்.

ஒரு பாட்டில் இங்க் வாங்க டீச்சர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கே ஜவுளி எடுத்துவிடலாம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் வந்து கோடு போட்டு வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் திரும்பி வந்து அது காய்ந்திருப்பதைப் பார்ப்பார். மறுநாள் இன்னொரு முறை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சே.

அறுபதுகளின் பின்பாதி அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் நோட்டு, சிலேட்டு, பேனா விற்கும் கடை வைத்திருந்தோம். எனக்கு இருபத்து நாலு வயது, மூக்குக்கு மேல் கோபம். டீச்சருக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மாதா கோயிலை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். ஒல்லியான உருவம், கறுப்புக் குடை, வலது நடுவிரலில் எந்நேரமும் ஒரு நீலக் கறை. வகுப்பில் பேசுகிற திருத்தமான தமிழில்தான் கடையிலும் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ராயபுரம் வெளியே எட்டிப் பார்க்கும்.

அப்போது எங்களிடம் மூன்று தினுசு நீலம் இருந்தது. சீல் வைத்த கம்பெனி பாட்டில் ஒன்று. இங்க் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நாங்களே போடுவது ஒன்று. திருவொற்றியூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் டின் கட்டி வந்து ஊற்றிவிட்டுப் போகும் சில்லறை இங்க் ஒன்று. பேனாவுக்கு ஒரு ஃபில்லர் ஊற்றினால் இத்தனை என்று பிள்ளைகளுக்கு விற்போம். எல்லாவற்றுக்கும் ராயல் ப்ளூ என்றுதான் பேர். ஊரே அதை ஒரே நீலமாக எழுதி, ஒரே நீலமாகச் சட்டையில் கொட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். கைப்பையிலிருந்து சொந்தக் காகிதத்தை எடுப்பார். எங்கள் காகிதம் இங்க்கைக் குடித்துவிடுமாம். ஒரே பேனாக் கட்டையில் ஒரே நிப்பு. ஒவ்வொரு இங்க்கில் தொட்ட பிறகும் டம்ளர் தண்ணீரில் நிப்பை அலசித் துணியில் துடைத்து, அடுத்ததைத் தொடுவார். ஒரு மெல்லிசுக் கோடு, பக்கத்தில் ஒரு தடித்த கோடு, கீழே ஒரு சொட்டை விரலால் இழுத்தது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பார். உள்ளே வந்து எங்கள் மஞ்சள் பல்பின் கீழே பார்ப்பார். மீன்பாடி வண்டிக்காரர்கள் கூட நின்று, இந்த அம்மா வானத்தில் என்ன தேடுகிறார் என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

"ஈரத்துல எல்லா நீலமும் நல்ல நீலம்தான், அண்ணாச்சி. காஞ்சாத்தான் அதோட குணம் தெரியும்" என்பார்.

"டீச்சர், இதுல என்ன வித்தியாசம்? ரெண்டும் நீலம்."

"உங்க கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்ப்பேன். ரெண்டும் நீலமாகவே இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் அவர் கைப்பையிலிருந்து இரண்டு சாக்பீஸ்களை எடுத்தார். காகிதத்தில் இங்க் கொட்டினால் சாக்பீஸை வைத்து உறிஞ்ச வைப்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம். அதிலிருந்து அவர் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டு மூடிகளில் இரண்டு இங்க்கையும் துளித்துளி விட்டு, சாக்பீஸ்களை அவற்றில் நிற்க வைத்தார். நீலம் மெதுவாக மேலே ஏறியது. ஏற ஏறப் பிரிந்தது. ஒன்றின் உச்சியில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம். இன்னொன்றில் லேசான பச்சை. நான் வாயைப் பிளந்தேன். எங்கள் அண்ணன் கூடப் பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். அந்த ஒரு முறைதான் அவர் தானாக வெளியே வந்தது.

"அப்ப எது உசத்தி, டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "எது உசத்தின்னு யாரு கேட்டா? ரெண்டும் ஒண்ணா, வேற வேறயான்னுதான் நான் பாக்கிறேன்" என்றார்.

இதுதான் டீச்சர். பல பேர் அவரைக் குற்றம் கண்டுபிடிக்கிறவர், எதிலும் திருப்தி இல்லாதவர் என்று நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அது சரியில்லை. மட்டமான இங்க்கையும் சிரித்த முகத்தோடு வாங்கிப் போவார். ஆனால் "அதேதான் இது" என்று சொல்லி அதை அவர் தலையில் கட்ட முடியாது. வேறு என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாட்டில் கொண்டு வந்து சில்லறை இங்க் கேட்டாலும் அதே கதை. அடியில் பழசு கொஞ்சம் கிடக்கும். மற்றவர்களுக்கு அதன் மேலேயே ஊற்றிவிடுவோம். டீச்சர் விட மாட்டார். "கழுவிட்டு ஊத்துங்க. பழசு மேல விழுந்தா புதுசு தன் நிறத்தைக் காட்டாது."

ஆட்களிடமும் அப்படித்தான். ராயபுரத்தில் தென்பக்கத்துக் கடைக்காரன் எவனாக இருந்தாலும் அண்ணாச்சிதான். எங்கள் அண்ணனும் அண்ணாச்சி, நானும் அண்ணாச்சி. அவர் விற்ற ஓட்டைப் பேனாவுக்கு நான் திட்டு வாங்குவேன். டீச்சர் ஒருவர்தான் அண்ணனைப் பெரிய அண்ணாச்சி என்றும், என்னைக் கண்ணாடி அண்ணாச்சி என்றும் பிரித்துக் கூப்பிட்டவர். சின்ன விஷயம்தான். ஆனாலும் அது எவ்வளவு பெரிது என்று அண்ணனின் நிழலிலேயே கிடந்தவனுக்குத்தான் தெரியும். அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் பாசமாக மாறியதில் அதற்கும் பங்கு உண்டு.

திருவிழாவுக்கு முன்னால் மாதா சுரூபத்துக்கு வண்ணம் பூசுவார்கள். ஒரு வருஷம் பூசியவர் காசிமேட்டில் லாஞ்சுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மாதாவின் மேலங்கியைப் பார்த்ததும் டீச்சர் நின்றுவிட்டார். "இது போன வருஷத்து நீலம் இல்லையே" என்றார்.

"நீலந்தாம்மா. இதுக்கு மேல நீலம் இன்னா கீது?" என்றார் பெயின்டர்.

"இது லாஞ்சுக்கு அடிக்கிற நீலம்."

"ஆமா. கடலுக்குப் போறவனுங்களுக்குத்தானே மாதா? அவனுங்க படகு நீலத்த அவுங்களும் கட்டிகினாங்கன்னு வெச்சிக்கோயேன்."

டீச்சர் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும். ஆனா, இது வேற நீலம்" என்றார். "வேறதாம்மா, வேறதான், ஆளை வுடு" என்று பெயின்டர் கையெடுத்துக் கும்பிட்டார். இதை டீச்சரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு நிச்சயமான மாப்பிள்ளை கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவன். அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். இவன் பெரியவன். பேச்சே கிடையாது. நிச்சயத்துக்குப் பிறகு டீச்சருக்கு இங்க் வாங்கித் தரும் ஆசையில் கடைக்கு வந்து, எல்லா பாட்டில்களையும் பார்த்து முழித்துக்கொண்டு நின்றான். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய மூடியை எடுத்துக் காட்டினான். உள்ளே நீலம் வளையமாகக் காய்ந்திருந்தது. டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறான்.

"எனக்கு எல்லாம் ஒரே நீலமாத்தான் தெரியுது, அண்ணாச்சி. அவங்க வேறன்னு சொன்னா வேறதான்" என்றான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கத்தோலிக்கர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைகளில் கோயில் சாமியார், அதாவது பாதிரியார், மாப்பிள்ளை பெண் இருவர் பேரையும் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பேர். இவர்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் பெரியவன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். காய்ச்சல் என்றுதான் படுத்தான். பிறகு கண்ணெல்லாம் மஞ்சள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் பிணமாகத்தான் வந்தான்.

அதற்குப் பிறகு டீச்சர் கடைப்பக்கம் வரவில்லை. அண்ணன் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அவராகவே, "அந்தப் புள்ள வந்தாத் தேவல, இல்ல?" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அது பாதி போயிருக்கும்போது டீச்சரின் அப்பா வந்தார். வாங்க ஒன்றும் இல்லை, பேச ஆள் வேண்டியிருந்தது. "இன்னா பண்றது அண்ணாச்சி, ஒரே பேஜாரா கீது. இவளுக்குப் பின்னால ரெண்டு பொண்ணு நிக்குது. மாப்பிள்ளையோட அம்மா வூட்டாண்ட வந்து ஒரே அழுவ. புள்ளயத்தான் மண்ணுல வெச்சிட்டேன், மருமவளையும் வுட மாட்டேன்னு சொல்லுது. சின்னவன் கீறான். திருவொத்தியூர்ல ஃபிட்டரு. அவனாட்டமே இருப்பான். அதே மூக்கு, அதே முழி. நடந்து வந்தா நாமளே ஏமாந்துடுவோம். ரெண்டு ஓலதான் வாசிச்சாச்சே. சாமியாராண்ட சொல்லி, ஈஸ்டர் கழிச்சு மூணாவது ஓலைல பேர மட்டும் மாத்தி வாசிச்சிட்டா வேல முடிஞ்சிரும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள். அதே வீடு, அதே கோயில், அதே பெண். மீதி இருப்பது ஒரு ஓலை. அந்தத் துக்கத்தில் அவர்களுக்கு அது நியாயமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்ட நிமிஷத்தில் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் அப்பாவின் குரல் கேட்டு வாசலில் நின்றிருக்கிறார். நாங்கள் பார்க்கவில்லை.

"பேர மட்டும் மாத்தறதா?" என்ற சத்தத்தில் தெருவே திரும்பியது. "ஆளு இன்னா பாட்டிலா நைனா, இது காலியானா அத்த ஊத்தறதுக்கு? செத்துப்போனாரே அவரு யாரு? இப்போ கீறாரே இவரு யாரு? ரெண்டு பேரும் ஒண்ணா உங்களுக்கு?"

அப்பா தலை குனிந்தபடியே எழுந்து போனார். டீச்சர் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். பிறகு அவரும் போய்விட்டார்.

சாமியார் பெரியவர்களைப் பிடித்து நன்றாகத் திட்டினாராம். "ஓலைன்னா பஸ் டிக்கெட்டா, ஆள் மாத்தி ஏறிக்கிறதுக்கு? வேற மாப்பிள்ளைன்னா முதல்லேருந்து மூணு ஓலை. அதுவும் அந்தப் பொண்ணு வாயால சரின்னு சொன்னப்புறம்." அந்த வாய் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னது. டீச்சரின் 'பார்க்கிறேன்' எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பாவம், அவர்களுக்குத் தெரியாது.

ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமை டீச்சர் மறுபடியும் இங்க் பார்க்க வந்தார். அப்போதுதான் சின்னவன் வந்தான். அம்மா அனுப்பியிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவனே வந்து நிற்கிறான். பெரியவன் போட்டு நான் பார்த்த கட்டம் போட்ட சட்டை கூட அதேதான்.

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் வெயிலுக்கு வாங்க" என்றார். அவன் ஒன்றும் புரியாமல் வாசலுக்குப் போய் நின்றான்.

"இது யார் சட்டை?"

"அண்ணனோடது. அம்மாதான் போட்டுகினு போடான்னுச்சு."

"அடுத்த வாரம் உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க."

அடுத்த சனிக்கிழமை சாயம் போன காக்கிச் சட்டையில் வந்தான். அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள். ஊர் பார்க்க, எங்கள் கடை வாசலில், குடை தூரத்தில் நின்று இரண்டு பேரும் பேசுவார்கள். "இது கடையா, பொண்ணு பாக்க எடமா?" என்று அண்ணன் முணுமுணுப்பார். ஆனால் சின்னவனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டதும் அவர்தான்.

டீச்சர் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். நண்டு சாப்பிடுவீங்களா? ஃபேக்டரியில் யாரோடு சண்டை? கோபம் வந்தால் என்ன செய்வீங்க? சின்னவனும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாங்க இது, வாரா வாரம்? வூட்ல எங்கம்மா அண்ணன் தட்டுலதான் எனக்குச் சோறு போடுது. அண்ணன் பாயிலதான் படுக்கச் சொல்லுது. அவன் நண்டு துன்ன மாட்டான்னு இப்போ எனக்கும் நண்டு கெடையாது. எனக்கு நண்டுன்னா உசுரு. நீங்களும் என்னாண்ட அவனத்தான் தேடிகினு இருந்தா, நான் எங்கங்க போறது?"

நான் கணக்கு எழுதுவது போலக் குனிந்துகொண்டேன். அண்ணனைப் பறிகொடுத்தவன் அவன். அதற்கு ஒரு நாள் உட்கார்ந்து அழக்கூட அவனை யாரும் விடவில்லை. அண்ணன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அதுவரை இந்த விவகாரத்தில் டீச்சருக்காக மட்டும் கவலைப்பட்ட எனக்கு அன்றைக்குத்தான் அவன் முகம் சரியாகத் தெரிந்தது.

டீச்சர் மறுநாள் பூசை முடிந்ததும் கொருக்குப்பேட்டைக்குப் போயிருக்கிறார். கையில் ஒரு புதுத் தட்டு. ஓரத்தில் சின்னவன் பேர் வெட்டியது. அதை அவன் அம்மாவிடம் கொடுத்து, "அத்தை, இதுல அவருக்குச் சோறு போடுங்க. அது பெரியவரோட தட்டு. அத எடுத்து வையுங்க" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆகாத பெண் இப்படிச் சொல்லலாமா என்று அந்த அம்மாள் கத்தியிருக்கிறாள். அழுதிருக்கிறாள். பழைய தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அதைக் கீழேயே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சரும் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது அந்த அம்மாளே எழுந்து அதைத் துடைத்துப் பரண் மேல் வைத்தாளாம். பிறகு காசிமேட்டுக்கு ஆள் அனுப்பி நண்டு வாங்கி வரச் சொன்னாளாம். சின்னவன் தின்றுகொண்டே அழுதானாம். டீச்சரின் அப்பா இதைச் சொல்லிவிட்டு, "இவ எங்கேர்ந்து பொறந்தா அண்ணாச்சி எனக்கு?" என்று என்னையே கேட்டார்.

அடுத்த ஈஸ்டருக்குப் பிறகுதான் முதல் ஓலை வாசித்தார்கள். பெரியவன் இறந்த வருஷப் பூசையும் தவக்காலம் குறுக்கிட்டதில் தள்ளிப்போய் அப்போதுதான் வந்தது. எல்லாரும் கூடுகிற அந்த ஞாயிறே ஓலையையும் வாசித்துவிடலாம் என்று சாமியாரே சொன்னாராம். டீச்சர் முடியாது என்றுவிட்டார். பெரியவனுக்குத் தனியாக ஒரு நாள் பூசை. அன்றைக்குப் போய் ஆசை தீர அழுதார். அடுத்த ஞாயிறு சின்னவனுக்கு முதல் ஓலை.

கல்யாணக் கார்டு கொடுக்க டீச்சர் கடைக்கு வந்தார். அண்ணன் சரக்கு அறைக்குப் போகவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவிலேயே நின்றார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"டீச்சர், கேக்கேன்னு தப்பா நெனைக்காதீக. சின்னவர் அப்படியே பெரியவரை உரிச்சு வச்ச மாதிரி இருக்காரு. அதுலதான மனசு எறங்குச்சு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவருடைய திருத்தமான தமிழ் போய்விட்டது.

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க கண்ணாடி அண்ணாச்சி. அதே மூக்கு, அதே முழி, அப்படியே கீறாருன்னு. அத்தக் கேட்டுக் கேட்டுத்தான் வேணவே வேணாம்னு இருந்தேன். செத்தவர வெச்சிகினு எப்புடிக் குடும்பம் நடத்தறது? ஒரு வருஷமாப் பாத்தேன். நட வேற, சிரிப்பு வேற, கோவம் வேற. ஒரு எடத்துல கூட அவரு இல்ல. இவரு இவராத்தான் கீறாரு. அதுக்கோசரம்தான் சரின்னேன்."